இரண்டு பேருக்கும் சேர்த்து

ஜூன் 9, திங்கள்

ஜவுளிக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த இந்த டைரி, ஆறு மாதமாகத் தையல் மெஷினின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுக்கத்தான் உதவியது. நேற்று கதிர்வேல் மாமா அந்தக் காலைச் சரிசெய்துவிட்டார். டைரிக்கு வேலை போய்விட்டது. சும்மா கிடப்பானேன் என்று எழுதத் தொடங்குகிறேன்.

முசிறி கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் இரட்டையரில் நான் ஒருத்தி, மங்கையர்க்கரசி. இன்னொருத்தி திலகவதி. எனக்குச் சற்று முன்னால் பிறந்துவிட்டாள் என்பதற்காக அவளை நான் அக்கா என்று கூப்பிடுவதில்லை. அவள் புருஷனை மட்டும் மாமா என்கிறேன், அவர் நல்ல மனிதர் என்பதால். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். ஆக, பகல் முழுக்க நானும் திலகாவும் மெஷினும்தான்.

இன்று திருச்சிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் இருவருக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது. ஒன்பது வருடம் முன்பு எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்யப் போனபோது கண்டுபிடித்தார்கள். கையோடு அந்த ஒரு தடவை திலகாவையும் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தார்கள், அவளுக்கும் இருந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார் பெரிய டாக்டர். அம்மா வயிறு வீங்கி, ஐம்பதைத் தாண்டாமல் போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சோதித்து, தடுப்பூசியும் போட்டாயிற்று. அவர்கள் யாருக்கும் இல்லை. எங்களுக்குத் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை.

ரத்தம் கொடுப்பது என் இலாகா. திலகாவுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். பள்ளிக்கூடத்தில் காலரா ஊசி போட வந்தபோது அவள் மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் வலது கையில் ஒன்று வாங்கிக்கொண்டு, ரிப்பனை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து அவள் பெயரைச் சொல்லி இடது கையிலும் வாங்கினேன். இரண்டு கையும் வீங்கி, இரண்டு நாள் அவள்தான் எனக்குச் சோறு ஊட்டினாள். அன்றிலிருந்து இதே ஏற்பாடுதான். எங்களுக்கு ரவிக்கை வெட்டவே ஒரே அளவு ஜாக்கெட்தான் வைத்திருக்கிறோம். ஒருத்தியின் ரத்தத்தைப் பார்த்தால் இன்னொருத்திக்கும் பார்த்த மாதிரி ஆகாதா? பெரிய டாக்டர் முதலில் ஒன்றிரண்டு தடவை அவளையும் கூட்டி வரச் சொன்னார். பிறகு என்னிடம் வாதாட முடியாமல், இரண்டு பேருக்கும் சேர்த்து மாத்திரை எழுதிக் கொடுக்கப் பழகிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

ரிசல்ட் அருமை. ஈரல் நன்றாக இருக்கிறது, ரத்தத்தில் கிருமி தட்டுப்படவே இல்லை. நமக்கு ஒன்றுமில்லை என்று உடனே திலகாவுக்குப் போன் போட்டேன். "அப்படியா, சரி" என்று வைத்துவிட்டாள். மனுஷிக்கு ஒரு சந்தோஷம் வேண்டாமா?

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் டாக்டர் ரஹீமா என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். என் மூத்த மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருந்தால் அதிகம். மாத்திரைச் சீட்டில் திலகாவின் பெயரைப் பார்த்துவிட்டு, இவர்களுடைய ரிப்போர்ட் எங்கே என்று கேட்டாள். எங்கள் ஏற்பாட்டை விளக்கினேன். காலரா ஊசிக் கதையையும் சொன்னேன். எல்லாரும் சிரிக்கும் இடத்தில் அவள் சிரிக்கவில்லை. ஒன்பது வருடமாகவா என்று மட்டும் கேட்டுவிட்டு, இந்த வாரமே திலகாவை அழைத்து வரச் சொன்னாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் நம்பிக்கை இல்லை.

ஜூன் 13, வெள்ளி

திலகாவிடம் சொன்னேன். ஆவணி முகூர்த்த ஜாக்கெட்டெல்லாம் முடியட்டும் என்றாள். நியாயம்தானே.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது. மணப்பெண் ஒருத்தி முதுகில் மயில் வேண்டும் என்கிறாள், அவள் அம்மா முதுகே தெரியக் கூடாது என்கிறாள். மயிலை வைத்தே முதுகை மூடிவிடலாம் என்று சமாதானம் செய்து அனுப்பினேன்.

திலகாவுக்குச் சோம்பல் ஏறிவிட்டது. மத்தியானம் ஆனால் வெட்டும் மேசையின் மேலேயே படுத்துத் தூங்கிவிடுகிறாள். மாமா காவிரிக் கெண்டை வறுத்துக் கொடுத்தனுப்பினார். வாசனை பிடிக்கவில்லை என்று அவள் பங்கையும் என்னிடம் தள்ளிவிட்டாள். கெண்டை மீன் வாசனை பிடிக்காத திலகாவை நான் இப்போதுதான் பார்க்கிறேன். லாபம் எனக்குத்தான்.

எங்கள் இருவருக்கும் ஒரே துணியில் ரவிக்கை தைத்தேன். எனக்குக் கச்சிதம். அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. எனக்குத் தெரியாமல் பட்டினி கிடந்து இளைக்கிறாள் போலிருக்கிறது, கள்ளி. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

இன்னொரு விஷயம். தினமும் கடை திறந்ததும் அவள் என் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள். புது மூக்குத்தி எடுப்பாக இருக்கிறது போல.

ஜூலை 2, புதன்

மாமா பஸ் டிப்போவிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். திலகா டீ வாங்கப் போன நேரம் பார்த்து, அவள் கண் மஞ்சளாகத் தெரிகிறதா என்று கேட்டார். அவள் இரண்டு நாளாக மாம்பழ மஞ்சள் பட்டில் ஜாக்கெட் தைக்கிறாள்; மடி நிறைய அந்தத் துணி கிடந்தால் கண் பச்சையாகவா தெரியும் என்று திருப்பிக் கேட்டேன். அவர் டீக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் வாய்க்கால் கரையில் கீழாநெல்லி பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தேன். வேறு எதற்காகவும் இல்லை. சும்மா, உடம்புக்கு நல்லது.

ஜூலை 3, வியாழன்

இன்று அவள் மடியில் வெள்ளை லைனிங் துணி மட்டும்தான் இருந்தது. நாளை திருச்சிக்குப் போகிறோம்.

ஜூலை 4, வெள்ளி

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். திலகாவைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மாமா வீட்டிலிருந்து துணிமணி எடுத்து வரப் போயிருக்கிறார்.

காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். குணசீலம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, உனக்கு உண்மையாகவே ஒன்றும் இல்லையா என்று கேட்டாள். எனக்கு என்ன, ரிப்போர்ட்தான் நன்றாக வந்ததே என்றேன்.

"எனக்கு ரெண்டு மாசமா முடியல மங்கை. உன் ரிப்போர்ட் நல்லா இருக்குன்னதும், சரி, எனக்கும் ஒண்ணும் இல்ல, உடம்பு வளையாமத்தான் இப்படிப் படுத்துதுன்னு நெனச்சேன். அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. எனக்கு வந்தா உனக்கும் வந்திருக்கும்ல? அதான் தெனம் காலையில உன் கண்ணையே பாத்துக்கிட்டிருந்தேன். உனக்கு வெள்ளையா இருக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு இருந்தேன்."

மூக்குத்தியை அவள் பார்க்கவே இல்லை.

ரத்தம் எடுக்க நர்ஸ் வந்ததும் நான் கையை நீட்டிவிட்டேன், பழக்கதோஷம். "உங்களுக்கு இல்லம்மா, அவங்களுக்கு" என்றது அந்தப் பெண். திலகா என் புடவை முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கொடுத்தாள். முந்தானையில் பல் பட்டு ஓட்டை விழுந்துவிட்டது. நல்ல புடவை.

மத்தியானம் டாக்டர் ரஹீமா எங்களை உட்கார வைத்துப் பேசினாள். திலகாவின் ரத்தத்தில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கிறதாம். ஈரல் வீங்கியிருக்கிறது. ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டும் இப்படியா என்று சண்டைக்குப் போனேன். என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாள் தவறவில்லை. ஒரே அம்மா, ஒரே கிருமி, ஒரே மாத்திரை, எனக்கு மட்டும் எப்படிக் கேட்டது?

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் வந்தது ஒரே கிருமிதாம்மா. ஆனா வந்ததிலேருந்து ரெண்டும் தனித்தனி வீட்டுல குடியிருக்கு. அது ஓயாம தன்னை நகல் எடுத்துக்கிட்டே இருக்கும். அப்பப்ப தப்பா எடுக்கும். நூத்துக்குத் தொண்ணூறு தப்பு உருப்படாது, அதோட அழிஞ்சிரும். எப்பவாவது ஒரு தப்பு, மாத்திரை போய்ப் பிடிக்கிற எடத்துலயே விழுந்துரும். அப்புறம் அந்த மாத்திரைக்கு அதுங்கிட்ட பிடியே கெடைக்காது. மத்ததெல்லாம் அழியும், அது மட்டும் பெருகும். இவங்க உடம்புல அது நடந்திருக்குன்னு சந்தேகப்படுறேன். உங்க உடம்புல நடக்கல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம், கிருமிங்க அப்படி இல்ல."

ஜாக்கெட் அளவுக்கு வெட்டிய ஒரு பேப்பர் கட்டிங்கை வைத்து இன்னொன்று வெட்டி, அதை வைத்து மற்றொன்று வெட்டிக்கொண்டே போனால் கைக்குழி எங்கேயோ நகர்ந்துவிடும். அது எங்கள் தொழிலிலும் உண்டு. நான் ஒன்பது வருடமாக என் பேப்பரைப் பார்த்துக்கொண்டு அவள் ஜாக்கெட் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்த பெண்.

பழைய மாத்திரைக்குப் பதில் புது மாத்திரை இன்றே தொடங்கியாயிற்று. டெனோஃபோவிர் என்று பெயர். கிருமி எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று பார்க்க ரத்தம் சென்னைக்குப் போயிருக்கிறது. கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

உடம்பில் காயம் பட்டால் ரத்தம் உறைய ஒரு நேரம் இருக்கிறதாம். திலகாவுக்கு அது நீண்டுகொண்டே போகிறது. ஈரல் தளர்கிறது என்று அதற்கு அர்த்தம். இன்னும் நீண்டால் மாற்று ஈரலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் மாமாவிடமும் என்னிடமும் சொன்னாள்.

இதற்கு எதற்கு யோசனை, என்னுடையதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், அளவெடுக்கக்கூட வேண்டாம் என்றேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கிருமி இருப்பதால் என்னிடமிருந்து எடுக்க முடியாதாம். மாமா தன்னுடையதைச் சோதிக்கச் சொல்லி உடனே சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்றார்.

பிறந்ததிலிருந்து அவளுடைய எல்லாவற்றுக்கும் என்னுடையது பொருந்தும்.

ஜூலை 9, புதன்

காலை இட்லி. கேண்டீன் சாம்பாரில் உப்பில்லை.

ஜூலை 10, வியாழன்

இட்லி.

ஜூலை 12, சனி

உறையும் நேரம் குறைந்திருக்கிறது! டாக்டர் ரஹீமா ரிப்போர்ட்டை வாசலிலிருந்தே ஆட்டிக்கொண்டு வந்தாள். பெரிய குறைவு இல்லை, ஆனால் திசை திரும்பிவிட்டது என்றாள். மாமா வராந்தாவுக்குப் போய் யாரோ முன்பின் தெரியாதவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு திலகா புளியோதரை கேட்டாள். கேட்டது கேட்டாளே, கேண்டீன் புளியோதரையைத் தின்றுவிட்டு, என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றாள். இதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. திலகா வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. படித்துறையில் கால் நனைத்துவிட்டு, எலுமிச்சம் சாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டாள். கண்ணில் மஞ்சள் ஓரத்தில் ஒரு கோடுதான் மிச்சம். நான் பார்க்கும் போதெல்லாம் வேண்டுமென்றே கண்ணை உருட்டிக் காட்டுகிறாள்.

சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. டாக்டர் சந்தேகப்பட்டது சரி: பழைய மாத்திரை பிடிக்கும் இடத்தில் கிருமி தன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி எழுதிவைத்திருக்கிறதாம். புது மாத்திரை வேறு விதமாகப் பிடிக்கிறது, அதனிடம் இந்த வித்தை பலிக்கவில்லை. இனி அவளுக்கு ஒரு மாத்திரை, எனக்கு வேறு மாத்திரை. என்னுடையதையும் மாற்றுவதா என்று டாக்டர் அடுத்த தடவை பார்த்துச் சொல்வாளாம். அவள் டப்பாவும் என் டப்பாவும் மாறிவிடக் கூடாது என்று மாமா அவளுடையதில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறார். ஒரே டப்பாவில் கை விட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய சள்ளை.

மயில் முதுகு ஜாக்கெட்டைத் தைத்து முடித்தேன். மணப்பெண்ணுக்கும் அம்மாவுக்கும் சம்மதம். மயிலுக்கு மட்டும் கழுத்து கொஞ்சம் குட்டை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. திலகா கடைக்கு வரத் தொடங்கி, மத்தியானம் வரை உட்காருகிறாள். வந்த முதல் நாளே நான் அடுக்கியிருந்த நூல்கண்டுகளையெல்லாம் கலைத்து அவள் இஷ்டப்படி அடுக்கினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, சந்தோஷத்துக்கும் அளவில்லை.

அவளுக்கென்று தனியாக டேப் வைத்து அளவெடுத்தேன். மார்பு, இடுப்பு, கை எல்லாமே என்னிலிருந்து வேறாக இருந்தது. சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதுவதுபோல அவள் பெயரை முழுசாக எழுதி அளவைக் குறித்தேன். என்னத்துக்கு இப்படி எழுதுகிறாய் என்றாள். சும்மா என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம். கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைக்கும்போது திலகா மாத்திரை டப்பாவையும் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டாள். இதுவும் ஆயுதம்தானே என்றாள். மாமா அதற்கும் பொட்டு வைத்தார்.

அக்டோபர் 13, திங்கள்

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். கடையில் நிற்க இடமில்லை. இன்றைக்குத்தான் திலகாவுக்கு டாக்டரிடம் ரிசல்ட் பார்க்கும் நாள். ரத்தம் போன வாரமே கொடுத்துவிட்டாள். இந்தத் தடவை என் முந்தானை கேட்கவில்லை. நான் கிளம்பத் தயாராகப் பையை எடுத்தேன். அவள் பையைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "என் ரிப்போர்ட்டை நானே போய் வாங்கிக்கிறேன். நீ கடையைப் பாரு." மாமாவையும் டியூட்டிக்கு அனுப்பிவிட்டு, ஒற்றை ஆளாகப் பஸ் ஏறினாள்.

காலையிலிருந்து போன் இல்லை. நான் போட்டால் எடுக்கவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்து வைத்தேன். பால்காரர் மனைவி வந்து சட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, ஈரல் நார்மல் என்று பதில் சொன்னேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலரைக்கு வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றினாள், சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தேன்.

"கோடியில இருந்தது இப்ப சில நூறுதானாம். இன்னும் சில மாசத்துல அதுவும் தட்டுப்படாதாம். ஈரல் நம்பர் எல்லாம் நார்மல். மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாதாம்."

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். துணி கொடுக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாமலே சிரித்தார்கள்.

"டாக்டரும் நீ எப்படி இருக்கேன்னு கேட்டாங்க. அவ வேற ஆள் டாக்டர், அவளையே கூப்பிட்டுக் கேளுங்கன்னு சொல்லிட்டேன். உனக்கு டிசம்பர்ல நாள் வாங்கி வந்திருக்கேன். நான் கூட வந்து உக்காந்திருப்பேன், கைய நீட்ட மாட்டேன்."

இனி இதை எழுதலாம். இத்தனை நாள் எழுதவில்லை, எழுதினால் உண்மையாகிவிடுமோ என்று இருந்தது. ஜூலையில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் கண்ணாடி பார்க்கவே இல்லை. கைகழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கழுவிவிட்டு வருவேன். இவள் போய்விட்டால், நான் சாகிற வரைக்கும் தினமும் காலையில் தலை வாரும்போது இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று பயந்தேன். இட்லி இட்லி என்று எழுதிய நாட்களில் நான் ஒரு இட்லியும் சாப்பிடவில்லை. நான்தான் இவளைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் குறைந்த பிறகு, டிரையல் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அவளும் பின்னாலேயே வந்து நின்று, திருச்சியிலிருந்து வாங்கி வந்த பக்கோடாவைத் தின்றாள். அவள் கன்னம் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. முன்நெற்றியில் புதிதாக நரைத்திருக்கிறது. எனக்கு நரைக்கவில்லை. கண்ணாடிக்குள் இரண்டு பேர் நின்றோம், அது நான், இது இவள் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

திலகா பக்கோடாப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குடி அழுவுற? ரெண்டும் இடது கையா ஒரு ஜாக்கெட் தச்சு வச்சிருக்கியே, அதை யாரு பிரிக்கிறது?"